ஏழு மணி நேரமும் பதினொரு நிமிடமும்

அத்தியாயம் 5

தன் அக்கா அழுது தகரம் அதுவரை பார்த்ததில்லை.

அவனுக்குத் தகரம் என்று ஏன் பேர் வந்தது என்று யாரும் விளக்க வேண்டாம். ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், காது சொல்லிவிடும். சின்ன வயதில் அவன் உடைத்த கண்ணாடி டம்ளர், கிழித்த புத்தகம், தொலைத்த குடை எல்லாவற்றுக்கும் "நான்தான்" என்று முன்னால் போய் நின்று அடி வாங்கியவள் அக்கா. அப்போதுகூட அவள் கண்ணில் ஒரு சொட்டு வந்ததில்லை. அந்த அக்காதான் இப்போது, வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, துப்பறியும் அலுவலகத்தின் கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் நிதானம். தகரத்தின் முதலாளி. ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி. கூரை தீப்பிடித்தாலும் செருப்பை வலது இடது பார்த்து மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார்.

"உன் அத்தானை இன்னிக்கு வேலையை விட்டுத் தூக்கப் போறாங்கடா," என்றாள் அக்கா.

அக்காவும் அத்தானும் ஒரே குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர்கள். அக்கா அங்கே தலைமை கெமிஸ்ட். அத்தான் கம்ப்யூட்டர் பிரிவு. பதினான்கு நீரேற்று நிலையங்களின் வாரக் கணக்கு முழுவதும் ஆய்வகத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில், வாரத்துக்கு ஒரு கோப்பாகச் சேரும். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு புரோகிராம் தானாகவே விழித்து, அதையெல்லாம் சர்வருக்கு ஏற்றும். சர்வரில் ஏறியதைத்தான் மேலிடம் பார்க்கும், அதை வைத்துத்தான் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று முடிவாகும்.

"பன்னிரண்டு வருஷமா அது ஏத்தி முடிக்க ஏழு மணி நேரம் ஆகும் மேடம்," என்றாள் அக்கா.

"ஏழு மணி நேரமா? எருமை மேல ஏத்தி அனுப்பினாங்களா?" என்றான் தகரம்.

"நீ கொஞ்சம் மூடு," என்றார் நிதானம். "நீங்க சொல்லுங்கம்மா."

"ஒரு வரியை எடுத்துட்டுப் போகும். சர்வர்கிட்ட 'வந்துதா'ன்னு கேட்கும். அது 'வந்துது'ன்னு சொன்னாத்தான் திரும்பி வந்து அடுத்த வரியை எடுக்கும். ஒரு வரிக்கு ஒரு விநாடி. இருபத்தஞ்சாயிரத்துச் சொச்சம் வரி. இவர் என்ன பண்ணினார்னா, எல்லாத்தையும் மொத்தமா கட்டி ஒரே தடவையா இறக்கிட்டு, வரிசைப்படுத்துற வேலையைக் கடைசியில வச்சுக்கிட்டார். இந்தச் செவ்வாய் பதினொரு நிமிஷத்துல முடிஞ்சுது."

"அதுக்கு மாலை போடணும், வேலையை விட்டா தூக்குவாங்க?"

"ஒன்பதாம் நிலையத்துல அஞ்சு அளவு மாறிடுச்சுடா. ஆய்வகக் கம்ப்யூட்டர்ல எல்லாம் நல்லா இருக்கு. சர்வர்ல ஈயம் வரம்பைவிட மூணு மடங்குன்னு ஏறியிருக்கு. புரோகிராம் நம்பரைக் கெடுத்துடுச்சுன்னு இயக்குநர் குதிக்கிறார். வேணும்னே செஞ்சேன்னு இவர்கிட்ட எழுதி வாங்கப் போறாங்க. அப்புறம் சர்வர்ல இருக்கிற இந்த வாரத்தை அழிச்சுட்டு, ஆய்வகத்துல இருக்கிறதை மறுபடி ஏத்திடுவாங்க." அக்கா நிதானத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒண்ணும் பெருசா செய்ய வேண்டாம் மேடம். இது தெரியாம நடந்த புரோகிராம் தப்புன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும். எச்சரிக்கையோட விட்டுடுவாங்க."

புருஷனுக்காக இப்படி உருகுகிறாளே என்று தகரமும் உருகிப்போனான்.

கூட்டம் எந்த அறையில், எத்தனை மணிக்கு என்று நிதானம் எழுதித் தரச் சொன்னார். அக்கா ஒரு துண்டுச் சீட்டில் '3 மணி' என்று எழுதினாள். தப்பு என்று தெரிந்ததும் அதன் நடுவே ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சின்னதாகத் தன் சுருக்கொப்பத்தை வைத்து, கீழே புது வரியில் '4 மணி' என்று எழுதினாள்.

"3-ஐ 4 ஆக்க ஒரு இழுப்பு இழுத்தாப் போதாதா? இதுக்கு எதுக்குக்கா சாட்சிக் கையெழுத்தெல்லாம்?"

"என் கை அப்படி," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். தகரம் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

*

பரிசோதனைக் கூடத்தில் அத்தானை அவர் மேசையில் உட்கார விடவில்லை. உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த ஓர் அறையில், உடையாத ஒன்றைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். மூன்று நாளில் மூன்று வயது ஏறியிருந்தது.

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு விஷயத்தைச் சொன்னேன். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க மாப்ளே," என்றார். "இன்னிக்கு வராந்தாவுல வர்றேன், அதே ஆளுங்க சுவத்தைப் பார்த்துக்கிட்டுப் போறாங்க. நேத்து வரைக்கும் என் டப்பாவுல கை விட்டுச் சாப்பிட்டவங்க."

"பத்து மணிக்கு முன்னாடி யாருக்குத் தெரியும், புரோகிராமை மாத்தியிருக்கீங்கன்னு?" என்று கேட்டார் நிதானம்.

"ஒருத்தருக்கும் தெரியாது."

"வீட்டுல?"

அத்தான் கொஞ்சம் வெட்கப்பட்டார். "சொல்லலை மேடம். செவ்வாய்க்கிழமைன்னா அது ஏறி முடிக்கிற வரைக்கும் இவ கூடவே உட்கார்ந்திருப்பா. அப்புறம்தான் தன் வேலையையே ஆரம்பிப்பா. வீட்டுக்கு வர ஏழு, ஏழரை ஆகும். மூணு மாசமா செவ்வாய்க்கிழமை சாப்பாடு நான் தனியாத்தான் சாப்பிடறேன். சீக்கிரம் வரட்டுமேன்னு சொல்லாம கொள்ளாம மாத்தினேன். ஆச்சரியப்படுவான்னு நினைச்சேன்."

"பட்டாங்களா?"

"முகம் வெளுத்துப் போச்சு. சந்தோஷத்துலன்னு நினைச்சேன்."

நிதானம் பேச்சை மாற்றினார். ஆய்வகக் கம்ப்யூட்டரின் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் விசாரித்தார். மூன்று பேர். அத்தான், அக்கா, அப்புறம் சர்வர் அறைக்காரர். பழைய ஏழு மணி நேரப் புரோகிராமை எழுதிய புண்ணியவான் அவர்தான். அதனாலேயே கூடம் முழுக்க அவருக்கு ஆமை என்று பேர்.

வராந்தாவுக்கு வந்ததும் தகரம் விரலைச் சொடுக்கினான். "கேஸ் முடிஞ்சுது மேடம். பன்னிரண்டு வருஷம் நகர்ந்த ஆமையை ஒரே நாள்ல முயல் முந்திடுச்சு. கதையில வேணா ஆமை ஜெயிக்கலாம், ஆபீஸ்ல விடுவாங்களா? வயித்தெரிச்சல்ல அந்த ஆள்தான் நம்பரை மாத்தியிருக்கார்."

"இருக்கலாம்," என்றார் நிதானம். அந்த வார்த்தையை அவர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார்.

*

சர்வர் அறைக்குள் போக அனுமதி வாங்குவதற்குள் மணி இரண்டரை ஆகிவிட்டது. உள்ளே பற்கள் கிட்டிக்கும் குளிர். ஆமை கழுத்து வரை ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, வந்தவர்களை உட்காரச் சொல்லாமல் பார்த்தார்.

"இயக்குநர் பார்த்த பட்டியலைக் காட்டுங்க," என்றார் நிதானம்.

ஆமை திரையில் காட்டினார். இடப்பக்கம் ஆய்வகக் கோப்பு, வலப்பக்கம் சர்வர். நிலைய வாரியாக அடுக்கியிருந்தது. ஒன்பதாம் நிலையத்தில் ஐந்து வரிகள் சிவப்பில். இடப்பக்கம் நல்ல தண்ணீர், வலப்பக்கம் ஈயம்.

"இந்த வரிகளுக்கு நம்பர் உண்டா?"

"உண்டு. ஒவ்வொரு வரியும் கோப்புல விழும்போதே ஒரு வரிசை எண் தானா விழும்."

"நிலைய வாரியா வேண்டாம். ஆய்வகக் கோப்பை அந்த எண் வாரியா அடுக்குங்க."

ஆமை அடுக்கினார். தகரம் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தான்.

"இருபத்து நாலாயிரத்து அறுநூத்திப் பத்து. அடுத்தது... அறுநூத்திப் பதினாறு. என்னங்க, நடுவுல அஞ்சு பேர் லீவா?"

ஆமை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக ஓர் உயிர் தெரிந்தது. "யாரோ அழிச்சிருக்காங்க. அழிச்ச எண் திரும்ப வராது. கோப்பு அதை வேற எந்த வரிக்கும் கொடுக்காது."

"சர்வர்ல அந்த அஞ்சு எண்ணும் இருக்கா?"

இருந்தது. அறுநூற்றுப் பதினொன்றிலிருந்து பதினைந்து வரை, ஒன்பதாம் நிலையம், ஈயத்தோடு.

"அப்போ ஆய்வகக் கோப்புல இருக்கிற அந்த நல்ல அஞ்சு வரியும் எந்த எண்ல இருக்கு?"

ஆமை பட்டியலின் அடிக்குப் போனார். தண்ணீரைச் சோதிக்கும் கருவி அந்த வாரம் தானாக எழுதிய கடைசி வரி இருபத்தையாயிரத்து இருநூறு. அதற்கும் கீழே, இருநூற்று ஒன்று முதல் ஐந்து வரை, ஒன்பதாம் நிலையத்தின் சுத்தமான தண்ணீர் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

"பதினொரு நிமிஷப் புரோகிராம் ஆய்வகக் கோப்புல எதையாவது எழுதுமா?" என்று நிதானம் கேட்டார்.

ஆமைக்குப் பதில் சொல்ல மனசில்லை. ஆனாலும் சொன்னார். "எழுதாது. படிக்கும், அவ்வளவுதான்."

"எத்தனை மணிக்கு முடிச்சுது?"

"எட்டு பதினொண்ணு."

நிதானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கருவி விடியற்காலையில ஈயத்தை எழுதியிருக்கு. எட்டு பதினொண்ணுக்குள்ள அது சர்வருக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் ஒரு ஆள் வந்து, இன்னும் போகலைன்னு நினைச்சுக்கிட்டு, அஞ்சு வரியை அழிச்சு அஞ்சு வரியைப் புதுசா எழுதியிருக்காங்க."

"அதாவது அசல் போலி, நகல்தான் அசல்!" என்று கத்தினான் தகரம். "நாலு மணிக்கு இவங்க அழிக்கப் போறது உண்மையை! சரிங்க ஐயா, நீங்களே ஒத்துக்கறீங்களா, இல்ல நான் நாற்காலியைச் சுத்தி வரணுமா?"

ஆமை எழுந்தே நின்றுவிட்டார். நிதானம் கையமர்த்தினார்.

"கோபப்படாதீங்க. பழகிப் பார்க்கிறதுக்குன்னு ஒரு மாதிரிக் கோப்பு வச்சிருப்பீங்கல்ல? அதைத் திறங்க. அதுல ஏதாவது ஒரு 7-ஐ 2 ஆக்குங்க."

ஆமை திறந்தார். கட்டத்தில் ஒரு சொடுக்கு, ஏழின் மேல் இரண்டு, முடிந்தது. இரண்டு விநாடிகூட ஆகவில்லை. வரிசை எண் அசையவே இல்லை.

"இதுக்காக வரியையே அழிச்சுட்டு, அடியில போய்ப் புதுசா எழுதுவீங்களா?"

"நான் எதுக்கு எழுதறேன்? கம்ப்யூட்டர் தெரிஞ்ச எவனும் அப்படிச் செய்ய மாட்டான். மேலேயே மாத்திட்டுப் போய்க்கிட்டே இருப்பான்."

தகரம் வாயைத் திறந்தான். கம்ப்யூட்டர்காரன் இல்லாத யார் அப்படிச் செய்வார்கள் என்று ஒரு கிண்டல் நாக்கின் நுனி வரை வந்தது. வந்தது அங்கேயே நின்றது. அவன் கை அவனைக் கேட்காமலே சட்டைப் பைக்குள் போயிற்று.

சீட்டைப் பிரித்தான். 3 மணி. நடுவே ஒரே கோடு. பக்கத்தில் சுருக்கொப்பம். கீழே புது வரியில் 4 மணி.

ஆய்வக நோட்டில் எழுதிய எண்ணின் மேல் எண் எழுதக் கூடாது. அழிக்கக் கூடாது. கோடிட்டுவிட்டுக் கீழே புதிதாக எழுத வேண்டும். கல்லூரியின் முதல் நாளிலிருந்து அக்கா அப்படித்தான் எழுதினாள், வீட்டில் மளிகைச் சீட்டைக்கூட. ஒழுங்காக வேலை செய்வதற்காகப் பழகிய கை, பொய் எழுதும்போதும் ஒழுங்கை விடவில்லை.

"காலையில பார்த்தப்ப எனக்கும் புரியலைப்பா," என்றார் நிதானம் மெதுவாக. "இப்பத்தான் புரியுது."

தகரம் சீட்டை மறுபடி மடித்தான். நிதானம்தான் பழைய வாரக் கோப்புகளைத் திறக்கச் சொன்னார். ஆமை ஒவ்வொன்றாகத் திறந்தார். பதினொரு வாரம். ஒவ்வொரு வாரத்திலும் நடுவே ஐந்து எண் ஓட்டை, அடியில் ஐந்து நல்ல வரி.

"ஒன்பது மணிக்கு ஆபீஸுக்கு வர்றவங்களுக்கு, அந்த வரியெல்லாம் சர்வருக்குப் போக மத்தியானம் மூணு மணி ஆகும்கிறது எவ்வளவு வசதி," என்றார் நிதானம். "அதைத்தான் அவங்க வீட்டுக்காரர் பறிச்சுட்டார்."

ஆமை தன் பழைய புரோகிராமின் பெயரைத் திரையில் பார்த்துக்கொண்டே, "பொறுமையா ஏறினா தப்பு வராதுன்னு எழுதினேன்," என்று முணுமுணுத்தார்.

*

மூன்று நாற்பதுக்கு ஆய்வகத்தில் அக்கா மட்டும்தான் இருந்தாள். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எழுதிக் கொடுத்துட்டாங்களா?"

அவன் சீட்டை மேசை மேல் வைத்தான். "அறுநூத்திப் பதினொண்ணுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் எங்கேக்கா?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா அதை மூட மறந்துவிட்டாள். சீட்டைப் பார்த்தாள், தன் கையெழுத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. எப்போதுமே அவள்தான் வீட்டில் கெட்டிக்காரி.

"ஒன்பதாம் நிலையத்துல புதுக் குழாய் போட்டுத் திறந்த அன்னிக்கு, முடிவு வர்றதுக்கு முன்னாடியே நல்ல தண்ணின்னு கையெழுத்துப் போட்டேன்டா. எல்லாரும் காத்துக்கிட்டு நின்னாங்க. மறு வாரம் ஈயம் வந்துது. புதுக் குழாய்தானே, ஓடி ஓடி அடுத்த வாரம் சரியாயிடும்னு நினைச்சேன். அப்புறம் அதுக்கடுத்த வாரம்."

"அந்தத் தண்ணியை நாலு பள்ளிக்கூடம் குடிக்குதாம்."

"தெரியும்."

"அத்தானை ஏன்க்கா?"

"அவருக்கு ஒண்ணும் ஆகாதுடா! தெரியாத தப்புன்னா எச்சரிக்கையோட போயிடும். அதுக்குத்தானே உங்ககிட்ட ஓடி வந்தேன்."

"அவரைக் காப்பாத்தவா வந்தே? அவர் தலையில முத்திரை குத்த வந்தே. அந்த முத்திரையை என் கையாலயே குத்த வைக்க வந்தே." காலையில் அவள் அழுகையைப் பார்த்து உருகிய தன்மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது.

அக்கா ஈரக் கையோடு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஒரு வரிடா. ஒரே ஒரு வரி. உனக்காக நான் எத்தனை அடி வாங்கியிருக்கேன்?"

"நிறைய," என்றான். "நான் உடைச்சது டம்ளர்க்கா."

கையை விடுவித்துக்கொண்டு குழாயை மூடினான்.

*

கூட்ட அறையில் இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் முன்னால் வாக்குமூலத் தாள். 'மேற்படி பிழை என்னால் வேண்டுமென்றே...' என்று தொடங்கி, அத்தான் பெயரில் முடிந்திருந்தது. பேனா மூடி திறந்தாகிவிட்டது.

"ஒரு நிமிஷம்," என்றார் வாசலில் நின்ற நிதானம். "தகரம், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவனே சொன்னான். ஒரு கிண்டல் இல்லை, ஒரு ஏற்ற இறக்கம் இல்லை. விடுபட்ட எண்களை வாசித்தான், அடியில் இருக்கும் எண்களை வாசித்தான், பதினொரு செவ்வாய்க்கிழமையின் தேதிகளையும் வாசித்தான். யார் என்ற இடம் வந்தபோது மட்டும் நின்றான். சொல்ல வேண்டி வரவில்லை. அக்கா அவன் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றிருந்தாள். அவள் முகமே போதுமாக இருந்தது.

இயக்குநர் பாய்ந்து தொலைபேசியை எடுத்தார். ஒன்பதாம் நிலையத்தின் வால்வை இந்த நிமிடமே மூடச் சொல்லி அவர் கத்துவது வராந்தா வரை கேட்டது. சர்வரில் எதையும் தொடாதே என்று ஆமைக்கும் ஒரு சத்தம் போட்டார்.

அத்தான் மட்டும் அசையவில்லை. அக்காவைப் பார்த்து, அலுவலக விஷயம் கேட்பது போலக் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு மாத்தினே?"

"ஒன்பதரை."

"எட்டு பதினொண்ணுக்கே ஏறிடுச்சு."

"தெரியாது. நீங்க சொல்லலை."

"ஆமா. சொல்லலை," என்றார் அத்தான். "நீ சீக்கிரம் வீட்டுக்கு வரணும்னுதான் வேகமாக்கினேன்."

அக்கா வந்து அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள். வாக்குமூலத்தின் அடியில் இருந்த அவர் பெயரின் நடுவே ஒரே ஒரு கோடு இழுத்தாள். கீழே புது வரியில் தன் பெயரை எழுதினாள். பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி, நேரம். அப்போதும் அந்தக் கை ஒன்றையும் விட்டுவிடவில்லை.

அத்தான் எழுந்தார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். மனைவியைத் தாண்டி நேரே தகரத்திடம் வந்தார்.

"வீட்டுச் சாவி உங்க அக்கா பையில இருக்கு, மாப்ளே," என்றார். "நீ வாங்கிக் கொடு."

அக்கா இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். தகரம் அவள் பக்கம் கையை நீட்டினான்.